பொது இடத்து விளம்பரத் திரைகள்: சத்தத்தை நிறுத்தவும் தொல்லையைக் குறைக்கவும் ஒரு வழிகாட்டி

எரிபொருள் நிரப்பும் இடத்திலும், மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலும், பேருந்திலும், லிஃப்டிலும், பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னாலும் இப்போது காணொளி விளம்பரங்கள் யாரும் கேட்காமலே ஓடுகின்றன. நாளிதழில் வரும் விளம்பரத்தைப் பக்கம் புரட்டிக் கடந்துவிடலாம். சுவரொட்டியைப் பாராமல் நடந்துவிடலாம். வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். பொது இடத்துத் திரைக்கு மட்டும் நம் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. இந்தத் தொல்லையை அன்றைக்கே குறைத்துக்கொள்வது எப்படி, பிறகு அதை நிரந்தரமாக நிறுத்தச் செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டாவதற்கே அதிக இடம் தருகிறேன். ஏனெனில் அது முடியாத காரியம் என்று பலர் முயலாமலே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பார்க்காமல் இருந்தால் போகிறது" என்று சொல்பவர்கள் மனித உடலின் இயல்பை மறந்து பேசுகிறார்கள். கண்ணின் ஓரப் பார்வை நுண்ணிய விவரங்களைக் காண்பதில் பின்தங்கியது என்றாலும், அசைவைக் கண்டுபிடிப்பதில் மிகக் கூர்மையானது. ஓரத்தில் ஏதேனும் திடீரென்று அசைந்தால் நாம் முடிவெடுக்கும் முன்பே பார்வை அங்கே திரும்பிவிடும். காதுக்கோ மூடிக்கொள்ள இமை இல்லை. அதிலும் புரிகிற மொழியில் பேசும் குரல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மூளை அதைச் சொற்களாகப் பிரித்துப் பொருள் கொள்ள முயல்கிறது. ஒரு பக்கம் படிப்பதும், அருகில் இருப்பவரோடு பேசுவதும், ஒன்றைப் பற்றி அமைதியாக நினைப்பதும் அப்போது கடினமாவது அதனால்தான். ஆகவே எரிச்சல்படுவது பலவீனம் என்று யாரும் கூச வேண்டியதில்லை. இதிலிருந்து ஒரு நடைமுறை வரிசையும் கிடைக்கிறது: முதலில் ஒலியை நிறுத்தக் கேளுங்கள், அடுத்து அசைவைக் குறைக்கக் கேளுங்கள், அதற்குப் பிறகு வெளிச்சம். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஒலி நின்றாலே தொல்லையின் பெரும்பகுதி போய்விடும்.

எந்தத் திரையோடு போராடுவது?

கண்ணில் படும் எல்லாத் திரைகளையும் எதிர்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு திரையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்துக்கு நான் போயே ஆக வேண்டுமா? போன பின் அந்தத் திரையை விட்டு விலகி நிற்க முடியுமா? வணிக வளாகத்தின் முகப்பில் ஓடும் திரை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை நாம் சில நொடிகளில் கடந்துவிடுகிறோம். மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவரோ, பேருந்தில் அமர்ந்திருப்பவரோ, அரசு அலுவலகத்தில் முறைக்காக நிற்பவரோ எழுந்து போக முடியாது. இப்படிச் சிக்கிக்கொண்டவர்களின் முன்னால் ஓடும் திரைகளே உங்கள் உழைப்புக்கு உரியவை. அங்கே உங்கள் வாதத்துக்கும் வலு அதிகம்.

அந்த நேரத்துக்குச் செய்யக்கூடியவை

சில திரைகளில் ஒலியை நிறுத்தும் வசதி இருக்கிறது. அது யாருக்கும் தெரியாதபடி அமைந்திருப்பதுதான் சிக்கல். வட அமெரிக்காவின் பல எரிபொருள் பம்புகளில் திரையின் இருபுறமும் எதுவும் எழுதப்படாத பொத்தான்கள் இருக்கும். அவற்றில் ஒன்று, பெரும்பாலும் வலப்பக்கம் மேலிருந்து இரண்டாவது, ஒலியை நிறுத்திவிடும். அது வேலை செய்யாவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். வாடகைக் காரின் பின்னிருக்கைத் திரையில் ஒலியை நிறுத்தும் குறியீடு வழக்கமாக ஒரு மூலையில் சிறியதாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஓட்டுநரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நாள் முழுவதும் அதே விளம்பரத்தைக் கேட்டுச் சலித்தவர் அவர். விமான இருக்கைத் திரையில் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானை விடாமல் அழுத்தினால் பெரும்பாலானவை முற்றிலும் இருண்டுவிடும்.

காத்திருப்பு அறையில் எங்கே உட்காருகிறோம் என்பது பெரிய வேறுபாட்டைத் தரும். திரைக்கு எதிர்வரிசையை விட்டு, திரை மாட்டியிருக்கும் அதே சுவரை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் அசைவு கண்ணில் படாது. ஒலிக்கு அந்த இடம் உதவாது என்பதால், இரைச்சலே பெருந்தொல்லையாக இருந்தால் தூரமான மூலையோ தூணின் மறைவோ நல்லது.

ஹெட்ஃபோன்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இரைச்சல் நீக்கும் வகை ஹெட்ஃபோன்கள் எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளைத்தான் சிறப்பாக அடக்கும். மனிதப் பேச்சை அவை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. அவற்றின் வழியே மழைச்சத்தம் போன்ற சொற்களற்ற ஒலி ஒன்றை மெல்ல ஓடவிட்டால், விளம்பரக் குரலின் சொற்கள் அதில் கரைந்துவிடும். சொற்கள் புரியாமல் போனாலே பாதித் தொல்லை தீர்ந்தது. நுரையாலான சாதாரணக் காதடைப்பான் பேச்சொலியை நன்றாகவே மட்டுப்படுத்தும், விலையும் குறைவு. இவற்றைப் பயன்படுத்தும்போது, பெயர் அழைத்தால் கையசைத்துக் காட்டும்படி வரவேற்பு மேசையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போலரைஸ்டு கண்ணாடி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் குளிர்க்கண்ணாடி, திரையை மறைக்கும் என்று சொல்வது ஓரளவு உண்மை. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. கண்ணாடியின் தளம் அதற்குக் குறுக்காக அமைந்தால் திரை கறுத்துத் தெரியும். சில திரைகள் நேராகப் பார்க்கும்போதே கறுக்கும், சில தலையைச் சாய்த்தால்தான் கறுக்கும். சாலையோரப் பெரிய எல்இடி பலகைகளின் ஒளி இப்படி வடிகட்டப்பட்டது அன்று என்பதால் அங்கே இந்த வழி பலிக்காது.

திரையைத் தொலைவிலிருந்தே அணைக்கும் சிறு கருவிகளும் உண்டு. 2004இல் மிட்ச் ஆல்ட்மன் என்பவர் உருவாக்கிய கருவி, பல நிறுவனத் தொலைக்காட்சிகளின் அணைப்புக் குறியீடுகளை அகச்சிவப்புக் கதிராக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. மருத்துவமனையிலும் நிலையத்திலும் அதே திரையில் முறை எண்ணோ புறப்படும் நேரமோ காட்டப்படலாம். அதை நம்பியிருக்கும் இன்னொருவர் தவித்துப்போவார். வணிகத் திரைகள் பலவற்றில் தொலையியக்கி ஏற்காதபடி பூட்டப்பட்டும் இருக்கும். அணைத்தாலும் மறுநாள் காலை திரை மீண்டும் ஓடும், நிர்வாகியின் மேசையிலோ ஒரு புகாரும் இருக்காது. திரையைக் கீறுவது, கம்பியைப் பிடுங்குவது போன்றவை குற்றம் என்பதோடு, நியாயமான கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

ஒரு விளம்பரத் திரைக்குப் பின்னால் வழக்கமாக மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: இடத்தின் உரிமையாளர், திரைகளை நிறுவி விளம்பர நேரத்தை விற்கும் நிறுவனம், விளம்பரம் தருபவர். இவர்களில் நாம் பேச வேண்டியவர் இடத்தின் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் முடிவெடுக்கும் நிர்வாகி. திரை நிறுவனத்துக்கு நாம் வாடிக்கையாளர் அல்லர், அது விற்கும் பார்வைதான் நாம். ஆனால் மருத்துவமனைக்கு நாம் நோயாளி, கடைக்கு நாம் வாங்குபவர், பேருந்துக் கழகத்துக்கு நாம் பயணி. நம் மனநிறைவில் உண்மையான அக்கறை இருக்கக்கூடிய ஒரே தரப்பு அதுதான். மேசையில் இருக்கும் ஊழியரிடம் கோபப்படுவதில் பயனில்லை. அந்தத் திரையை நிறுவ முடிவெடுத்தவர் அவரில்லை, பணிநேரம் முழுவதும் அதைக் கேட்கும்படி ஆனவரும் அவரே. "அந்தத் திரையின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? பெயர் அழைப்பது காதில் விழவில்லை" என்று தணிந்த குரலில் கேட்டால் சில சமயம் அங்கேயே காரியம் முடிந்துவிடும். "எங்களால் முடியாது, மேலிடத்திலிருந்து வருகிறது" என்று சொன்னால், அந்த மேலிடத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது "இந்தத் திரையை எடுத்துவிடுங்கள்" என்று தொடங்கினால், ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மறுப்பது அவர்களுக்கு எளிது. திரைகள் பெரும்பாலும் ஒரு மைய மென்பொருளிலிருந்து இயக்கப்படுகின்றன. எந்தத் திரையில், எந்த நேரத்தில், எவ்வளவு ஒலியோடு, எவ்வளவு வெளிச்சத்தோடு எது ஓட வேண்டும் என்பதை இருந்த இடத்திலிருந்தே மாற்றலாம். ஆகவே செலவில்லாமல் மாற்றக்கூடிய அமைப்புகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: ஒலியை நிறுத்தி எழுத்து வரிகளைக் காட்டுவது, அசையும் படத்துக்குப் பதில் அசையாத படங்களை ஓட்டுவது, மாலைக்குப் பின் வெளிச்சத்தைக் குறைப்பது. திரையின் சட்டத்தில் அடையாள எண் ஒட்டப்பட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் "எந்தத் திரை என்று தெரியவில்லை" என்ற பதில் வராது.

உங்கள் வாதத்துக்குத் துணையாக ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. இணையதளங்களை அனைவரும் பயன்படுத்தத்தக்கதாக அமைப்பதற்கு இணையத் தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு விதிகள் மூன்று செய்திகளைச் சொல்கின்றன. தானாக ஒலிக்கத் தொடங்கும் ஒலி 3 நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும். பிற உள்ளடக்கத்தின் அருகே தானாக அசையத் தொடங்குவது 5 நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தவோ மறைக்கவோ வழி வேண்டும். எதுவும் ஒரு நொடியில் 3 முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. இவை சுவர்த் திரைகளைக் கட்டுப்படுத்தா. ஆயினும், ஒரு சொடுக்கில் மூடிவிடக்கூடிய இணையப் பக்கத்துக்கே இவ்வளவு வேண்டும் என்று வல்லுநர்கள் முடிவு செய்திருக்கும்போது, எழுந்து போக முடியாத நோயாளியின் முன் ஓடும் திரைக்கு இதில் எதுவும் இல்லை என்பது எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு விதி, தொலைக்காட்சி விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட உரக்க ஒலிக்கக் கூடாது என்கிறது. கையில் தொலையியக்கி வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அந்தக் காப்பு, அது இல்லாதவருக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

உங்களுக்காக மட்டும் கேட்காமல் பிறருக்காகவும் கேளுங்கள். செவித்துணைக் கருவி அணிந்தவருக்குப் பின்னணிப் பேச்சின் நடுவே ஒரு குரலைப் பிரித்தறிவது பெரும்பாடு. பார்வையற்றவர் பேருந்து நிறுத்தத்தில் காதை நம்பியே நிற்கிறார். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இடைவிடாத ஒளியும் ஒலியும் வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களுக்கு நியாயமான வசதி செய்துதர மறுப்பதைப் பாகுபாடாகவே கருதுகிறது. பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு 'நியாயமான வசதி' என்ற சொற்றொடர் நன்கு பழக்கமானது. மருத்துவமனை என்றால், உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டுதல் நோயாளிகள் தங்கும் அறைகளுக்கு 30 டெசிபல் என்ற அளவையே பரிந்துரைக்கிறது என்பதையும் சேர்க்கலாம். சாதாரண உரையாடலே அதைவிட மிகுதி.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மருத்துவமனையின் புறநோயாளர் காத்திருப்பு அறையில், பதிவு மேசைக்கு எதிர்ச்சுவரில் உள்ள திரையில் விளம்பரக் காணொளிகள் ஒலியுடன் இடைவிடாமல் ஓடுகின்றன. இன்று காலை 10 மணி முதல் 11.30 வரை நான் அங்கே காத்திருந்தேன். செவிலியர் அழைத்த பெயர்கள் பலருக்குக் கேட்கவில்லை. வயதான ஒருவர் தம் முறையைத் தவறவிட்டார். அந்தத் திரையின் ஒலியை முழுவதுமாக நிறுத்தி, தேவையானால் எழுத்து வரிகளை மட்டும் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தம் இதற்குத் தடையாக இருந்தால், அது எந்த நாளில் முடிகிறது என்பதைத் தெரிவிக்கும்படியும் வேண்டுகிறேன். இரண்டு வாரத்துக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். திரை நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட காலத்துக்கானவை. நடுவில் கலைக்கத் தயங்குபவர்கள்கூடப் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளை மாற்றலாம். பிரான்சின் கிரனோபிள் நகரம் அந்த வழியில்தான் சென்றது. தெருவோர விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நகர நிர்வாகம் 2014இல் அறிவித்து, 300க்கும் மேற்பட்ட விளம்பரப் பலகைகளை அகற்றச் செய்தது. வழக்கோ இழப்பீடோ தேவைப்படாத அந்தத் தருணம் எப்போது வருகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவரின் கடிதம்தான் சரியான நாளில் போய்ச் சேரும்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்தை, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விளம்பரம் தருபவருக்கு எழுதலாம். "உங்கள் விளம்பரத்தை இந்த இடத்தில், இந்த நிலையில் கேட்க நேர்ந்தது, உங்கள் பொருளின் மீது வெறுப்பு வந்தது" என்று ஒருவர் எழுதுவதை எந்த நிறுவனமும் விரும்பாது. தன் பெயர் எந்தச் சூழலில் ஒலிக்கிறது என்பதை அது அறியாமலே இருந்திருக்கலாம்.

உள்ளாட்சி அமைப்பிடமோ உரிமம் தரும் துறையிடமோ போவதானால் சான்று வேண்டும். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி, இடமும் தேதியும் நேரமும் எழுதிய குறிப்பு, ஒலியளவு காட்டும் செயலியின் எண் ஆகியவை போதும். செயலி காட்டும் எண் தோராயமானதே. திரை ஓடும்போதும் ஓடாதபோதும் எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடுதான் பேசும். காத்திருப்பு அறையில் படம் எடுக்கும்போது நோயாளிகளின் முகங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னல் வழியே வீட்டுக்குள் பாயும் பலகை வெளிச்சத்துக்கும் அளவுகோல் உண்டு. அமெரிக்க வெளிப்புற விளம்பரத் துறையின் சங்கமே, பலகையின் அளவுக்கேற்ற தூரத்திலிருந்து அளக்கும்போது, சுற்றுப்புற வெளிச்சத்துக்கு மேல் ஏறத்தாழ 3 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மிகாமல் இருக்க வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கிறது. பிரான்சில் 2022 அக்டோபரில் வந்த ஆணை, ஒளிரும் விளம்பரங்களை நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை அணைக்கச் சொல்கிறது. விமான நிலையம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

திரையின் சட்டத்தில் சிறு துளையோ லென்ஸோ தெரிந்தால், அது ஒளிப்படக் கருவியா, எதைப் பதிவு செய்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கனடாவில் 12 வணிக வளாகங்களின் வழிகாட்டித் திரைகளுக்குள் மறைந்திருந்த கருவிகள், மக்கள் அறியாமல் அவர்கள் முகங்களை ஆராய்ந்தன என்றும், சுமார் 50 லட்சம் படங்கள் பதிவாயின என்றும் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர் 2020இல் கண்டறிந்தார். அப்படி ஏதேனும் இருப்பது தெரியவந்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாடுகளில் உங்கள் புகார் இரைச்சல் புகாரைவிட மிக வேகமாக நகரும்.

நீதிமன்றத்தை முதல் வழியாக எண்ண வேண்டாம். வாஷிங்டன் நகரப் பேருந்துகளிலும் டிராம்களிலும் ஒலிபெருக்கியில் வானொலியும் விளம்பரமும் ஒலிபரப்பியதை எதிர்த்துப் பயணிகள் தொடுத்த வழக்கில், 1952இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மாறுபட்டார்; பேருந்தில் செல்வதைத் தவிர வேறு வழியில்லாதவர் கேட்டே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது என்பது அவருடைய நிலை. அவர் சொன்னதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது சிறுபான்மைத் தீர்ப்பு. விதிகளை இயற்றும் மன்றங்களில் மக்களுக்குக் கூடுதல் வெற்றி கிடைத்திருக்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2006இல் இயற்றிய தூய நகரச் சட்டம் 2007 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சுமார் 15,000 விளம்பரப் பலகைகள் இறக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தின் வெர்னியே நகராட்சி 2021இல் கொண்டுவந்த பொதுவெளி வணிக விளம்பரத் தடையை, 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. உங்கள் ஊர் மன்றத்தில் இவ்வளவு பெரிதாகக் கேட்க வேண்டியதில்லை. பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் விளம்பரத் திரைகள் ஒலியின்றி மட்டுமே இயங்க வேண்டும் என்ற ஒற்றை விதியைக் கோரி, அந்த இடங்களைப் பயன்படுத்துவோரின் கையெழுத்துகளோடு மனுக் கொடுங்கள். விளம்பர வருவாயைச் சார்ந்திருக்கும் மன்றத்துக்கும் அதை ஏற்பது எளிது.

ஒலி நின்ற பின்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிர்வாகிக்கு நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதி, ஒலி நிறுத்தப்பட்ட தேதியை அதில் குறிப்பிடுங்கள். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதோ, புதிய விளம்பரதாரர் வரும்போதோ, திரை மாற்றப்படும்போதோ ஒலி பழையபடி திரும்பிவிடக்கூடும், நிர்வாகியும் மாறியிருப்பார். அப்போது புதிதாக வாதாட வேண்டியதில்லை. அந்த நன்றிக் கடிதத்தின் படியை இணைத்து, முன்பு ஒப்புக்கொண்டபடி ஒலியை மீண்டும் நிறுத்தும்படி கேட்டால் போதும்.